பதாகையில் ஒரு முழங்கை

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையின் வலது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. மேடை ஏறியதும் என் கண் அதில்தான் விழுந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் இசை விமர்சகர் கனகசபை ஐயா அவர்களே! அன்று கிட்டார் மீட்டிய தம்பு மாமா அவர்களே! விழா எடுத்த ரசிகர் மன்றச் செயலாளர் நஜ்முதீன் அண்ணன் அவர்களே! கிள்ளானிலிருந்தும் செராஸிலிருந்தும் திரண்டு வந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்த தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் சந்திரகலா. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். சுங்கை வேயில் தொழிற்சாலை வேலை. "இளைய தலைமுறை சார்பா ரெண்டு வார்த்தை பேசு லா, தங்கச்சி" என்று அண்ணன் பிடித்து நிறுத்திவிட்டார். என்னங்க? சத்தம் கேட்கவில்லையா? பேசிப் பழக்கமில்லை அண்ணே, இதோ மைக்கை நெருங்கிக்கொள்கிறேன்.

'தண்டவாளத் தீ' இசைத்தட்டு வந்து இருபது ஆண்டு. 1972இல் இதே பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஐந்து பேர் கூடித் தமிழில் ராக் பாடினார்கள். அந்தத் தட்டின் அட்டைப் படம்தான் இந்தப் பதாகை. எண்ணிப் பாருங்கள், நான்கு முகம். ஐந்தாவது முகம் எங்கே? அட்டையில் இருந்ததைப் பதாகைக்காக வெட்டியாயிற்று. வெட்டிய கை அவசரப்பட்டதில் முழங்கை மட்டும் மிஞ்சிவிட்டது.

யாருடைய முழங்கை அது? ட்ரம்ஸ் அடித்தவருடையது. அவர் பெயர் இராசேஸ்வரி. என்னைப் பெற்றவர்.

ஏன் இந்தச் சலசலப்பு? தட்டு வெளிவந்த வாரம் பத்திரிகையில் கனகசபை ஐயா எழுதினார்: "பெண்பிள்ளை கையில் குச்சியைக் கொடுத்தால் தகர டின் உருளும் சத்தம்தான் வரும்." ஊர் சிரித்தது. தாத்தா ட்ரம்ஸை லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டில் அந்தத் தட்டு சுழன்றதே இல்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அதே பாட்டுகளின் கேசட் ஒன்றை வாங்கி வந்து நான் போட்டேன். அம்மா வாசலில் வந்து நின்றார்.

"நிப்பாட்டு பிள்ளை."

"நல்லா இருக்கேம்மா! யாரு அடிக்கிறது?"

"நான்தான். நிப்பாட்டு."

சற்று முன் இதே மைக்கில் ஐயா என்ன பேசினார்? "இடிமுழக்கம்! காலத்தை மீறிய தாளம்! இவ்வளவு வலு ஆண் கைக்கு மட்டுமே வரும். வாசித்தது சிங்கப்பூரிலிருந்து வந்த கூலிக் கலைஞர். அந்தப் பெண் படத்துக்கு நின்றவள்." நீங்களும் கைதட்டினீர்கள்.

ஐயா, தகரச் சத்தம் என்றீர்கள். அன்று அது என் அம்மாவுடையது. இடிமுழக்கம் என்கிறீர்கள், இன்று அது யாரோ ஓர் ஆணுடையது. ஏச்சுக்கு ஒரு பெண், ஏற்றத்துக்கு ஓர் ஆண். இதுதானா விமர்சனம்? இதுதானா வரலாறு?

தம்பு மாமா, நீங்கள் அந்த ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தவர். அடித்தது யார்? ஒரே ஒரு பெயர், சொல்லுங்கள் மாமா. சபையோரே, மாமா செருப்பைப் பார்க்கிறார்.

இன்று எங்கே போகிறோம் என்று சொல்லாமல் அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். அவர் பெயரை ஒருவராவது சொல்வார், அவர் காது அதைக் கேட்கும் என்று நம்பினேன். வாசலில் மன்றத்துப் பையன் கேட்டான்: "ஆன்டி, கேட்டரிங்கா? பின்பக்கமா போங்க." அம்மா சிரித்துக்கொண்டே ஓரமாக நகர்ந்தார். உட்கார இடமில்லை. இன்னும் அந்தக் கதவோரம்தான் நிற்கிறார்.

என்ன ஐயா? "அப்புறம் பேசிக்கலாம்மா, டைம் ஆச்சு" என்கிறீர்களா? இருபது வருடம் போன பிறகும் இன்னோர் அப்புறமா?

பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். நான் சொல்லிவிட்டேன், மைக்கில் சொல்லிவிட்டேன், மண்டபம் கேட்டுவிட்டது. இராசேஸ்வரி! தாய்மார்களே, நீங்களாவது ஒருமுறை சொல்வீர்களா? இன்னும் சத்தமாக! அதோ, அம்மா முகத்தை மூடிக்கொள்கிறார்.

அன்று எல்லோரும் சிரித்தபோதும் தட்டை வாங்கிக் கேட்ட முகம் தெரியாத ரசிகர்களுக்கு நன்றி. என்னைப் பேசவிட்டதற்காக நஜ்முதீன் அண்ணனுக்கு நன்றி, இனிமேல் கூப்பிடமாட்டார். மற்றவர்களுக்கு வணக்கம் மட்டும்.

பொன்னாடை வேண்டாம் அண்ணே. எனக்குப் போட்ட இந்த நாற்காலியை மட்டும் தூக்கிக்கொள்கிறேன். நடுவில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி விடுங்கள், கதவு வரை போக வேண்டும்.