தேனீயின் எடைக்குச் செய்த பலகை

எங்கள் வீட்டில் மாமாவுக்கு எல்லாம் நினைவிருந்தது. அதுதான் விதி. யாரும் அதை வகுக்கவில்லை, யாரும் யாருக்கும் சொல்லித்தரவும் இல்லை. இருந்தும் எல்லாரும் கட்டுப்பட்டோம். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அவர் மறுபடி பசிக்கிறது என்றால், அத்தை மறுபடி தட்டு வைப்பார். பெற்ற மகனையே பார்த்து, "தம்பி எந்தச் செக்‌ஷன்?" என்று அவர் கேட்டால், என் கணவர் விறைப்பாக நின்று, "வடிகட்டுற செக்‌ஷன் சார்" என்பார். எல்லாரும் சிரிப்போம். அப்பாவின் குறும்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

இன்ஸ்பெக்டர், நீங்கள் குளத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள். அதற்கே வருகிறேன்.

குளம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. வீட்டுக்குப் பின்னால், ஆள் உயரத்தைத் தாண்டிய ஆழத்தில் தரைக்குள் இறக்கிய பழைய சிமெண்டுத் தொட்டி அது. நான் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவள். மாமாவைத் தனியே விட இயலாது என்றானபோது வேலையை விட்டேன். வெளியே சொன்ன காரணம் என் முதுகுவலி. பிறகு அந்தத் தொட்டியில் மீன் வளர்த்தேன். குழாய்த் தண்ணீரை நேராக விடக்கூடாது. அதிலுள்ள குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். டிரம்மில் பிடித்துத் திறந்துவைத்து, வாடை போன பிறகே ஊற்றுவேன். தேனீக்களுக்கு வேறு ஏற்பாடு. அவை தண்ணீர் குடிக்க வருகின்றன. கால் ஊன்ற இடமில்லாவிட்டால் மூழ்கிவிடும். ஓரத்தில் ஓர் அகலத் தட்டில் கூழாங்கற்களைப் பரப்பினேன். தவறி விழுவது ஏறிக்கொள்ளட்டும் என்று மெல்லிய பலகை ஒன்றை மிதக்கவிட்டேன்.

மாமா குடிநீர் நிலையத்தில் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். காலை வெயில் ஏறியதும் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துக்கொண்டு தொட்டிக்கு வருவார். கைப்பிடிக் கம்பியில் இடுப்பைச் சாய்த்து, சிந்தாமல், சீராக ஊற்றுவார். "ஊரே குடிக்கிற தண்ணிம்மா, அசட்டையா இருக்கக் கூடாது" என்பார். சற்று நேரத்தில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும். தேனீக்கள் கல்லிடுக்குகளில் சுருண்டு கிடக்கும். நான் தொட்டியை வடித்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, புது மீன் விடுவேன். அவர் மறுபடி வருவார்.

பவுடரை ஒளித்தேன்; சோப்புத்தூளைக் கரைத்தார். அதையும் ஒளித்தேன், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய் பிளீச்சிங் பவுடரே கடன் வாங்கினார். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "பெரியவர் கேட்டா எப்படிம்மா இல்லைங்கறது?" என்றார் அவர். விதி சுவர் தாண்டியும் செல்லுபடியாயிற்று.

துணைக்கு ஒரு நர்ஸ் வைக்கலாம் என்றேன். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார் என் கணவர். பின்கதவுக்குப் பூட்டு போடலாம் என்றேன். "அப்பா என்ன கைதியா?" என்றார். நோயாளி இல்லாத வீட்டில் நர்ஸுக்கு வேலையில்லை, கைதி இல்லாத வீட்டில் பூட்டுக்கும் வேலையில்லை. தர்க்கத்தில் பிழை காண முடியவில்லை. அவர் மறுநாளே வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். மாமாவைக் குளிப்பாட்டுவதும், இடம் தெரியாமல் அவர் நனைத்த இடங்களைத் துடைப்பதும், தெருமுனையிலிருந்து அழைத்து வருவதும் நானே. இவற்றில் எதுவும் நடக்காத வீட்டில் இவற்றையெல்லாம் செய்துகொண்டிருந்தேன். எனக்கென்று மிஞ்சியது அந்தத் தண்ணீர் மட்டும்.

இன்னொரு முறை மீன்கள் செத்த அன்று, சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். அத்தை வந்து நின்று பார்த்தார். "வெங்காயம் அவ்வளவு காரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் வெங்காயம் உரிக்கவே இல்லை.

அதன் பிறகுதான் தொட்டியைச் சீர்செய்தேன். உட்சுவரில் இறங்கி ஏறப் பதித்திருந்த இரும்புப் படிகளை அறுத்தெடுக்கச் செய்தேன், துருப்பிடித்திருந்தன. கைப்பிடிக் கம்பியும் துருதான். அதையும் எடுக்கச் செய்தேன். துரு மீனைக் கொல்லாது என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னாராம். இருக்கலாம். கம்பி இருந்த இடத்தில், அதே உயரத்தில், கொடி படர ஒரு மூங்கில் குச்சியைக் கட்டினேன். தேனீக்களுக்குப் பூ வேண்டும். உயரம் ஏன் மாறவில்லை என்றால், அவர் கைக்குப் பழகிய உயரம் அது.

மாமாவிடம் முறைப்படி சொன்னேன். "மாமா, கம்பிய எடுத்தாச்சு. இனிமே அதுல சாயாதீங்க." அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "நல்ல காரியம். துரு தண்ணிக்கு ஆகாது" என்றார். பிறகு, "நீ புதுசா சேர்ந்தவளா?" என்றார்.

மறுநாள் காலை நான் டிரம்மின் அருகில் நின்றிருந்தேன். அவர் வாளியோடு வந்தார். இடுப்பு வழக்கமான இடத்தில் சாய்ந்தது. மூங்கில் முறிந்த ஓசை பெரிதாக இல்லை. தண்ணீருக்குள் அவர் கை, படிகள் இருந்த சுவரைச் சரியாகத் தேடிப்போய்த் தடவியது. எல்லாம் மறந்தவருக்கு அது மறக்கவில்லை. பிறகு பலகையைப் பற்றினார். அது தேனீயின் எடைக்குச் செய்தது. பலகை கவிழ்ந்ததில் சில தேனீக்கள் தண்ணீரில் விழுந்தன. அவற்றை ஒவ்வொன்றாக இலையால் ஏந்திக் கல்லில் விட்டேன். சிறகு உலர்ந்து அவை பறக்கும்வரை நின்றேன். அதன் பின்பே அத்தையை அழைத்தேன். வாளியைப் பிறகு முகர்ந்து பார்த்தேன். அன்று அதில் இருந்தது வெறும் தண்ணீர். மீன்களுக்கு ஒரு தீங்கும் இல்லை.

என் கணவர் எல்லாரிடமும், "அப்பா கடைசி வரைக்கும் தெளிவாத்தான் இருந்தார், கால் வழுக்கிடுச்சு" என்றார். நான் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: கம்பி இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். தெளிவாக இருக்கும் மனிதரிடம் சொன்னால் போதாதா? என்னை மறுக்க வேண்டுமானால் விதியை மீற வேண்டும், மீறுவார் யாருமில்லை. இதை முன்பே எண்ணினாயா என்று கேட்கிறீர்கள். எண்ணினேன். மூங்கிலைக் கட்டும்போதே எண்ணினேன். இருந்தாலும் நான் சொன்னது உண்மை. அவரிடம் சொன்னேன்.

இன்று காலை துக்கம் கேட்க வந்தவர்களால் கூடம் நிறைந்திருந்தபோது, தையல்காரம்மாவிடமும் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளிருந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். என் கணவர், "அம்மா, வேணாம்" என்று தடுத்தார். அத்தை குரலை உயர்த்தவில்லை.

"அவருக்கு ஒண்ணுமே நினைவு நிக்காது. இது என் பையனுக்குத் தெரியும், இந்தத் தெருவுக்கே தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்காம இருந்தேன், அது என் பாவம். ஆனா ராத்திரி பகலா அவரத் தூக்கித் தொடச்சவ நீ. சொன்னேன் சொன்னேங்கறியே, யாருகிட்டம்மா சொன்ன?"