ஆறில்லாத பாலத்துக்குக் காவல்

மழையக் குடுக்கிறவன் பேரச் சொல்லி உக்காருங்க ஐயா. நாற்காலி ஆடும், பயப்படாதீங்க, அரசாங்க நாற்காலி. காப்பியில ஏலக்கா தூக்கலோ? எந்தச் செலவ வெட்டலாம்னு பெய்ரூத்லேர்ந்து பட்டியலோட வந்திருக்கீங்க. இந்தப் பாலத்துக்குக் காவல் நிக்கிற என் வேலையும் அதுல இருக்கு, தெரியும். வெட்டுறதும் விடுறதும் உங்க பேனா. ஆனா சங்கதியக் கேட்டுட்டு வெட்டுங்க.

பாலத்துக்குக் கீழ என்ன தேடுறீங்க? ஆறா? அது என்னைக்கும் இருந்ததில்ல. ஆடு போவும், அவ்வளவுதான்.

ஆறு மலைக்கு அந்தப் பக்கம், மாதா கோயில்காரங்க ஊர்ல ஓடுது. அவங்க பாலம் கேட்டாங்க, நியாயம். நம்ம நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? அவங்களுக்கு ஒண்ணுன்னா பள்ளிவாசல்காரங்க எங்களுக்கும் ஒண்ணு. எங்களுக்குப் பாலம் இல்லேன்னா பட்ஜெட்டுக்குக் கை தூக்க மாட்டேன்னுட்டாரு எங்க எம்.பி. அங்க ஆறே இல்லியேன்னு யாரோ கேட்டதுக்கு, அதுவும் பாரபட்சந்தான்னாராம்.

ஆமா, ரெண்டுமே கடன்தான். எலெக்‌ஷன் வந்துச்சு, எங்காளு நிதிக் குழுவுல இருந்தாரு, இது முதல்ல முடிஞ்சுது. அங்க ரெண்டு தூண் எழும்பினதோட பணம் தீந்துபோச்சு.

சிரிங்க, இன்னும் இருக்கு. இதுக்கு ஒரு காவல்னா அந்தத் தூணுக்கும் ஒண்ணு வேணுமில்ல? தன்னூஸ்னு ஒருத்தரப் போட்டாங்க. இதுக்கு வருஷா வருஷம் பெயிண்ட், தூணுக்கும் பெயிண்ட். பதினோரு வருஷமா தண்ணிக்கு நடுவுல மாப்பிள்ளைங்க மாதிரி நிக்குதுங்க ரெண்டும். வட்டி கட்டக் கடன், பெயிண்ட் அடிக்கவும் கடன்.

தன்னூஸா? தங்கமான மனுஷன், ஆட்டத்துல மட்டும் கள்ளன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வருவாரு, இந்தப் பாலத்து நிழல்ல பகடை உருட்டுவோம். தூணுக்கு என்ன காவல்? குளிர்காலத்துல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களத் தோள்ல சுமந்து அக்கரை சேக்கிறாரு. போன மாசம் ஒரு பொண்ணோட சேத்து அவரையும் வெள்ளம் இழுத்துது. அல்லா காப்பாத்தினான், பொழச்சாங்க.

இல்ல ஐயா, வேலைக்காகக் கெஞ்சல. ஆலிவ் மரம் நாப்பது நிக்குது எனக்கு. உங்க ஆபீசுக்குப் பேரில்லாம ஒரு கடுதாசி வந்துச்சே, ரெண்டு காவலையும் பெயிண்டையும் நிறுத்தி, அந்தக் காசுல தூண் மேல தளம் போடுங்கன்னு? தன்னூஸ் சொல்லச் சொல்ல நாந்தான் எழுதினேன். என்ன மட்டும் வெட்டினா எங்காளுங்க கொடி தூக்குவாங்க, அவர மட்டும் வெட்டினா அவங்காளுங்க. ரெண்டு பேரையும் ஒரே கோட்டுல அடிச்சிருங்க.

காப்பி ஆறுது, குடிங்க. பொறுமையாக் கேட்டீங்க. கேட்ட காதுக்கு அவன் நல்ல சேதியே குடுக்கட்டும், உங்க புள்ளைங்க கால் நனையாம வீடு சேரட்டும்.