இரண்டாம் எண் விரல்

விரல் ஈரமாக இருந்தால் கருவி படிக்காது, ஐயா. துடைத்துவிட்டு வைக்க வேண்டும். கைரேகைப் பூட்டு மாட்டப் போகிற வீட்டிலெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பதினோரு வருடத் தொழிலில், என் பூட்டு காலை வாரிவிட்டது என்று யாரும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டுக்கும் நானேதான் மாட்டினேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நானும் தங்கையும் மட்டும்தான். மூன்றாவது மாடி, ஒரே வாசல், ஜன்னலுக்கெல்லாம் கம்பி. ஒன்றாம் எண் என் விரல், இரண்டாம் எண் அவள் விரல். பதிய வைத்த அன்று, "என்னண்ணா, சொந்த வீட்டுக்குள்ள போறதுக்கே கைநாட்டு வைக்கணுமா?" என்று சிரித்தாள்.

அவளை வளர்த்தது நான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூச்சிழுப்பு. எத்தனை முறை மருந்தை வாயில் அடித்து, மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள், வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை கிளம்புகிறேன் என்றாள். என்னிடம் கேட்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான்.

சில அலுவலகங்களில் கதவின் உள்பக்கமும் ஒரு கருவி வைப்போம். விரல் வைத்தால்தான் வெளியே போக முடியும். ஞாயிற்றுக்கிழமை அவள் தோழியிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தபோது, எங்கள் கதவிலும் அப்படி ஒன்று மாட்டினேன். அவள் திரும்பி வந்ததும் இரண்டாம் எண்ணை எடுத்தேன். அழிக்கவா என்று கருவி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அவள் போனையும் வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். நாலு நாள் போனால் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, ஐயா, திட்டக்கூட இல்லை. அவளும் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டவில்லை. அண்ணன்தானே, திறந்துவிடுவான் என்று நம்பியிருப்பாள்.

புதன்கிழமை காலையில் நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"அண்ணா, மருந்து தீர்ந்துபோச்சு. நான் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"சாயங்காலம் நானே வாங்கிட்டு வரேம்மா."

"அதுவரைக்கும் தாங்காதுண்ணா."

"தாங்கும்."

வெளியே போக ஒரு சாக்கு என்று நினைத்துவிட்டேன்.

பத்தே முக்காலுக்கு ஒரு வக்கீல் வீட்டுக் கதவில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பூட்டிலிருந்து என் போனில் செய்தி வந்தது: பதிவில்லாத விரல். மறுபடியும் அதே செய்தி, அதன் பின்னால் இன்னொன்று. கோபத்தில் அழுத்துகிறாள் என்று சத்தத்தைக் குறைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மொத்தம் நாற்பத்தேழு என்று நீங்களே எண்ணிவிட்டீர்கள். கடைசி ஆறு மட்டும் வேறு: விரல் ஈரம், படிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்த கையோடு வைத்திருக்கிறாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரம். கத்துவதற்கு அவளுக்கு மூச்சும் இருந்திருக்காது.

சாயங்காலம் மருந்தோடுதான் போனேன். மறக்கவில்லை. விரல் வைத்ததும் பூட்டு திறந்தது, கதவு மட்டும் நகரவில்லை. அவள் அதன்மேல் சாய்ந்து கிடந்தாள். இன்றுவரை எனக்கு அழுகை நிற்கவில்லை, ஐயா, நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும்.

கடைசியாகக் கேட்டீர்களே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். வக்கீல் வீட்டில் நின்றபடியே என் போனில் ஒரு முறை தொட்டிருந்தால் கதவு திறந்திருக்கும். அன்றைக்கும் அது எனக்குத் தெரியும். அந்தப் பொத்தான்வரை விரலைக் கொண்டுபோய்விட்டுத்தான் எடுத்துக்கொண்டேன். திறந்தால் அவள் என்னை விட்டுப் போய்விடுவாள் அல்லவா?