வராத வரிசை

வில்லாபுரத்தில் எனக்குப் பிடிக்காத விஷயம், ஆளாளுக்குக் கணக்குக் கேட்டு வீட்டுக்கு வந்துவிடுவதுதான். பொய் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. அதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வைகையில் தண்ணீர் வந்த நாட்களைவிட அதிகமான முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன்.

அருள்பாண்டி அந்தக் கூட்டத்துக்கே மகுடம். அவனியாபுரத்தில் லேத் பட்டறை. வாசலில் செவலை என்றொரு ஜல்லிக்கட்டுக் காளை. பிள்ளையில்லாத வீட்டில் அவன் பெண்டாட்டி முத்துமீனா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. பிட்காயின் எடுக்கும் பழைய மிஷின் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டு வந்தான்.

ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டேன். பலரோடு கூட்டுச் சேர்ந்து ஓட்டினால் தினமும் சில்லறை வரும், கரண்டுக்கே காணாது. தனியாக ஓட்டினால் கோடிக்கணக்கில் மொத்தமாக விழும், அல்லது ஒன்றுமே விழாது. பத்து நிமிஷத்துக்கொரு குலுக்கல், போட்டிக்கு உலகத்து மிஷின்கள் அத்தனையும். இந்த ஓட்டை மிஷினுக்கு ஒவ்வொரு குலுக்கலிலும் கோடியில் ஒரு வாய்ப்பு. சராசரியாக இருநூறு வருஷம் ஆகும் என்றேன்.

"ஜல்லிக்கட்டு டோக்கன் மாதிரிதான சார்? முன்னாடி நிக்கிற மாடு போகப் போக நம்ம நம்பரும் வந்துரும்ல?"

ஒவ்வொரு குலுக்கலும் புதிது, வரிசை என்று ஒன்று கிடையவே கிடையாது என்று விளக்கியிருக்கலாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமாப்பா, வரிசை நகந்துக்கிட்டேதான் இருக்கு" என்றேன். மிஷினை வாங்கித் தனியாகவே ஓட்டினான். பணம் வந்து சேர வேண்டிய பிட்காயின் கணக்கு முகவரியை மிஷினில் என்னையே போடச் சொன்னான். என்னுடையதைப் போட்டேன். வராத பணம் யாருக்கு வராவிட்டால் என்ன.

தினமும் போன் வரும். "எம்புட்டுத் தூரம் சார் வந்துருக்கு?" நானும் வாய்க்கு வந்த நம்பரைச் சொல்வேன். பென்ஷன்கூட அத்தனை இன்பம் தந்ததில்லை.

கரண்டு பில் பட்டறையைத் தின்றுகொண்டிருந்தது. போன மாதம் ஒரு காலையில் பேசினான்.

"இன்னிக்குக் கட்டலேன்னா பீஸைப் புடுங்கிருவாங்க சார். ஏவாரி வந்து நிக்கிறான், செவலைய அடிமாட்டுக்குக் கேக்குறான். டோக்கன் கிட்டத்துல இருந்தாக் குடுத்துர்றேன். இல்லேன்னா மிஷின அமத்திர்றேன். நீங்க சொல்றதுதான்."

பின்னாலிருந்து முத்துமீனா: "அந்தாளு கிட்டக் கேட்டா வெளங்குமா? போன வையி."

"கிட்ட வந்துருச்சுப்பா" என்றேன்.

யார் இழுத்தும் காளை லாரியில் ஏறவில்லையாம். அருள்பாண்டி ஒரு குரல் கொடுத்ததும் தானாகவே ஏறியிருக்கிறது. வாடிவாசலுக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கும்.

முத்துமீனாதான் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து மிஷினில் யார் முகவரி என்று பார்த்து, உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். நீங்கள் கேட்பது அந்தக் காலையைப் பற்றித்தானே. ஆமாம், அவன் பேசும்போதே எனக்குத் தெரியும். இட்லி சாப்பிடும்போதே செல்லில் தகவல் வந்துவிட்டது. அவன் மிஷினுக்கு விழுந்துவிட்டது. மூன்று கோடிக்குக் கொஞ்சம் குறைவு.

எனக்குச் சந்தோஷமே இல்லை, அருவருப்பாக இருந்தது. இல்லாத வரிசையில் நின்ற லேத்காரன் ஜெயித்தான், புரொபசர் தோற்றார் என்று அவனியாபுரமே பேசும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காளை பிழைத்திருக்கும். தெரிந்தேதான் சொல்லவில்லை.

பணத்தில் ஒரு பைசா தொடவில்லை, எடுத்து அவனிடமே கொடுங்கள். ஆனால் கணக்குத் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள், அம்மா. தப்பு என்னுடையதில்லை என்பார்கள்.