பன்னிரண்டு கோடுகள்

உங்கள் ரெக்கார்டரை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். தெருவில் போகிற வண்டிச் சத்தமெல்லாம் அதில் விழும். அப்புறம் ஆபீஸில் போட்டுக் கேட்கும்போது என் பேச்சில் பாதி புரியாது. மேசை நடுவில், கீழே ஒரு துணியை மடித்துப் போட்டு வையுங்கள். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷம் ஒலிப்பதிவு செய்தவன் நான். வேறு எதில் நம்பாவிட்டாலும் இதில் என்னை நம்பலாம்.

அவளுடைய பழைய பாட்டுகளை உங்கள் கம்பெனி மறுபடி வெளியிடப் போகிறது என்றீர்கள். நல்ல விஷயம். பெயர் போடாமல் யாரோ பதின்மூன்று டேப் பெட்டிகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றில் பூஜ்யம், மற்றதில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை, மூடிக்கு உள்ளே பென்சிலில் எண் போட்டிருக்கிறது. அது என்னவென்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். கையெழுத்து என்னுடையதுதான். டேப்பின் வேகத்தைக் குறித்து வைத்தது. எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சில பேருக்குப் பூட்டிய கதவை இழுத்துப் பார்க்காமல் போக மனசு வராதே, அந்த மாதிரி.

பெட்டிகள் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருந்தன. போன வருஷம் சுவருக்கு வெள்ளையடிக்க ஓர் ஆள் வந்தான். அவன் வேலையாகத்தான் இருக்கும்.

அப்போது டிஸ்கோ வந்த புதிது. அவள் ஒரு தையல் கடையில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலங்களில் நடன அரங்கில் பாடுவாள். உடுப்பில் ஜிகினாவைத் தானே உட்கார்ந்து தைத்துக்கொள்வாள், அதனால் எல்லோரும் அவளை ஜிகினா என்றே கூப்பிட்டார்கள். எனக்குப் பிளேடு என்று பெயர். டேப்பைப் பிளேடால் வெட்டி ஒட்டுவது என் வேலை. பேசினாலும் அதே பிளேடுதான் என்று எங்கள் ஸ்டூடியோ டிரம்மர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

குரலைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது. முதல் நாள் ஹெட்போனில் அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பாடவே ஆரம்பிக்கவில்லை, வெறும் மூச்சு. அந்த மூச்சை நான் வெட்டாமல் விட்டேன். ரெக்கார்டில் இன்றைக்கும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அந்த முதல் பாட்டை அவள் பாடிய சுதியில் வெளியிடவில்லை. மிஷினில் ஒரு குமிழ் உண்டு, பக்கத்தில் கோடு கோடாகப் போட்டிருக்கும். ஒரு கோடு திருப்பினால் டேப் நூற்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். வேகம் கூடினால் சுதியும் கூடும். ஆறு கோடு திருப்பினால் அரைக் கட்டை ஏறிவிடும். பாட்டு துள்ளும், குரலில் ஒரு பளபளப்பு வரும். அந்தக் காலத்தில் எல்லா ஸ்டூடியோவிலும் செய்ததுதான், இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. அவள் தையல் கடையை விட்டாள்.

ஒரே ஒரு சிக்கல். மேடையிலும் ரெக்கார்டில் கேட்ட மாதிரியே பாட வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்த்தார்கள். அரங்குகளில் வாத்தியக்காரர்கள் கிடையாது. இசையை மட்டும் டேப்பில் ஓட்டுவோம், அவள் அதற்கு மேல் பாடுவாள். அந்த டேப்பும் ரெக்கார்டின் சுதியில்தான் ஓடும். அதாவது அவள் தன் இயல்பான குரலுக்கு அரைக் கட்டை மேலே நின்று ஒவ்வொரு தடவையும் பாடினாள். கஷ்டப்பட்டாள், ஆனால் பாடிவிட்டாள். அவள் சங்கீதம் படித்தவள் இல்லை, காதால் பிடித்துப் பாடுகிறவள். டேப் எங்கே போகிறதோ அங்கே போவாள். இதை நான் அப்போதே மனசில் குறித்துக்கொண்டேன். அதில் வேறு எண்ணம் எதுவும் அன்றைக்கு இல்லை.

மூன்றாவது ரெக்கார்டு வந்த சமயத்தில் ஒரு பெரிய கம்பெனியின் ஆள் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, மெதுவாகப் பேசுவார். இரண்டு வருஷம் ஊர் ஊராக, நாடு நாடாகக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அவர்களுக்கே சொந்தமாக வாத்தியக்காரர்கள், சொந்தமாக ஒலிப்பதிவாளர். அடுத்த வருஷம் இதே மாதத்தில் வந்து ஒரு முழு நிகழ்ச்சியைப் பார்ப்பேன், பிடித்தால் அன்றைக்கே கையெழுத்து என்றார். அவள் நேராக என் அறைக்கு ஓடி வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை.

"உங்கள விட்டுட்டு நான் மட்டும் எங்க போறது பிளேடு? உங்களுக்கும் அங்க ஒரு வேல கேக்கறேன்" என்றாள்.

கேட்கவில்லை. மறந்திருப்பாள். எனக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. கோபம் வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். நான் யோசித்தது வேறு. அந்தப் பெரிய ஆட்களிடம் போனால் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்த மூச்சை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று அங்கே யாருக்குத் தெரியும் என்றுதான் யோசித்தேன்.

மேடையில் ஓட்டுகிற டேப் தேய்ந்துபோகும். மாதத்துக்கு ஒரு முறை புதுப் பிரதி எடுப்பது வழக்கம். அடுத்த பிரதி எடுக்கும்போது குமிழை ஒரு கோடு கூடுதலாகத் திருப்பினேன். அதற்கு அடுத்த மாதம் இன்னொரு கோடு. ஒரு கோடு என்பது ஒன்றுமே இல்லை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலும் கண்டுபிடிக்க மாட்டீர்கள். பன்னிரண்டு மாதத்தில் ஒரு முழுக் கட்டை.

நீங்கள் எழுதிக்கொள்வதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, ரெக்கார்டர் ஓடுகிறது.

நாலாவது மாதம் அவளுக்கு லேசாகத் தொண்டை கட்டியது. ஆறாவது மாதத்திலிருந்து நிகழ்ச்சி முடிந்ததும் அரை மணி நேரம் பேச மாட்டாள். வெந்நீர், கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, எல்லாம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரங்கு மானேஜருக்கு ஏக மகிழ்ச்சி. பாட்டு வேகமாக வேகமாக ஆட்டமும் சூடு பிடித்தது. ஒரே ஒரு நாள் டிரம்மர் பார்க்க வந்தான். "என்ன பிளேடு, டேப்பு ஓடுதா, பறக்குதா?" என்றான். மானேஜர் கேட்டார், அதனால் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவன் மட்டும் அன்றைக்கு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்று எப்போதாவது தோன்றும். நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஒன்பதாவது மாதம் அவள் என்னிடம் வந்து, டேப் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். முன்னால் சுலபமாக எட்டிய இடமெல்லாம் இப்போது எட்டவில்லை என்றாள். நான் அவளை உட்கார வைத்து மிஷினைத் திறந்து காட்டினேன். டேப் உரசி ஓடுகிற தலையைத் துடைத்துக் காட்டினேன், பெல்ட்டைக் காட்டினேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. மிஷின் விஷயத்தில் என்னைக் குறை சொல்லவே முடியாது. அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேப்பு பொய் சொல்லாது. எனக்குத்தான் தொண்ட போயிடுச்சு" என்றாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

சாம்பல் கோட்டுக்காரர் சொன்ன மாதிரியே வந்தார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். பன்னிரண்டாம் எண் டேப். முதல் இரண்டு பாட்டுகளை எப்படியோ சமாளித்தாள். மூன்றாவதில் குரல் மேலே ஏறுகிற இடம் வந்ததும் உடைந்தது. கீறலாக ஒரு சத்தம், அப்புறம் காற்று மட்டும். அவள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், முதலிலிருந்து போடச் சொல்லி. போட்டேன். அதே இடத்தில் அதேதான் நடந்தது. மைக்கில் மன்னிப்புக் கேட்டாள், அதுவும் சரியாகக் கேட்கவில்லை. நான் டேப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளுக்கு இன்னும் அவமானம் என்று நினைத்தேன். பாட்டுக்காரி இல்லாமலே இசை முழுக்க ஓடி முடிந்தது. ஜனங்களும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். கோட்டுக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தொண்டை டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். பரிசோதனை முடிவை வாங்க அவளுக்குப் பயம், என்னை அனுப்பினாள். குரல் நாணில் சின்னதாக முடிச்சு விழுந்திருக்கிறது, தாங்காத உயரத்தில் பாடியதால் வந்தது, மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் தானாகக் கரைந்துவிடும், அப்புறம் தாராளமாகப் பாடலாம் என்றார் டாக்டர். அதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். நல்ல மனுஷர்.

வீட்டுக்கு வந்து, இனி பாடவே கூடாதாம், சத்தமாகப் பேசினால்கூட இருக்கிற குரலும் போய்விடுமாம் என்று சொன்னேன்.

நீங்கள் கேட்டது பன்னிரண்டு எண்களைப் பற்றி மட்டும்தான். ஆனால் டாக்டர் கடிதத்தைப் பன்னிரண்டாம் பெட்டியில் வைத்திருந்தேன், டேப்புக்கு அடியில். அதையும் நீங்கள் படித்திருப்பீர்கள். எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அவள் அழுதாள். சத்தம் வராமல் அழ வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன், அப்படியே அழுதாள். அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டோம். அவள் வீட்டில் எல்லோரும் என்னைத் தெய்வமாகப் பார்த்தார்கள். குரல் போனவளை இவ்வளவு அக்கறையாக யார் கட்டிக்கொள்வார்கள் என்றார்கள். அவளுடைய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா இவ என்ன ஆயிருப்பா" என்றாள்.

முப்பத்தொன்பது வருஷம். வீட்டில் அவள் முணுமுணுப்பாகத்தான் பேசுவாள், முக்கியமானதைச் சீட்டில் எழுதிக் காட்டுவாள். ஒரு வாக்குவாதம் கிடையாது. தட்டு கழுவும்போது சில சமயம் உதடு மட்டும் அசையும். நான் பார்த்தால் ஜாடையாகத் தலையை ஆட்டுவேன், நிறுத்திவிடுவாள். டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்த வேண்டுமே. அந்தப் பொறுப்பை நான் ஒரு நாளும் தட்டிக்கழித்ததில்லை. நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அவளையே கேளுங்கள்.

ஆனால் இப்போது அவள் வீட்டில் இல்லை. மூன்று வாரமாகிறது, அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சமையலறை மேசையில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனாள், 'அக்கா வீட்டுக்குப் போகிறேன்' என்று. எப்போது வருகிறேன் என்று எழுதவில்லை, மறந்திருப்பாள். பெரிய பெட்டியை எடுத்துப் போயிருக்கிறாள். அங்கே குளிர் அதிகம், கம்பளியெல்லாம் வைக்க இடம் வேண்டும் இல்லையா. பரண் ஏணி கூடத்திலேயே சாய்ந்து நின்றது, நான்தான் மடித்து வைத்தேன். வெள்ளையடித்தவன் அப்படியே விட்டுப் போயிருக்கிறான் பாருங்கள், ஒரு வருஷமாக என் கண்ணில் படவே இல்லை.

நேற்று முன்தினம் அக்காவுக்குப் போன் செய்தேன். எப்போதும் வாய் நிறையப் பேசுகிறவள், இந்தத் தடவை என்னவோ சரியாகப் பேசவில்லை. "அவ இப்ப உங்ககிட்ட பேசமாட்டா" என்றாள். பேசக் கூடாதுதானே, டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்றேன். அவள் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம், உள்ளே எங்கேயோ, ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் முதல் பாட்டு. வாத்தியம் எதுவும் இல்லை, குரல் மட்டும். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஏறுகிற இடத்தில் பிசிறில்லாமல் ஏறியது. ஏறுவதற்கு முன்னால் அந்த மூச்சு. சுதியைக் கவனித்தேன், தொழில் பழக்கம். ரெக்கார்டில் இருப்பதைவிடச் சரியாக அரைக் கட்டை கீழே. அந்தச் சுதியில் அந்தப் பாட்டு வெளியில் எங்கேயும் கிடையாது. குமிழைத் திருப்பாமல் எடுத்த அசல், பூஜ்யம் போட்ட பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது, அது உங்களிடம் இருக்கிறது.

ரேடியோவாக இருக்கும். மிஷின் மெதுவாக ஓடியிருக்கும். இந்தக் காலத்தில் மிஷினை யார் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள்.