மூன்று மணியில் நிற்கும் குமிழ்

பாட்டுக் கேட்டு முடித்ததும், வால்யூம் குமிழை அடிவரை திருப்பிவிட்டுத்தான் ஆம்ப்ளிபயரை அணைக்க வேண்டும், அண்ணி. இதில் சிரமம் ஒன்றும் இல்லை. இரண்டு விரல் போதும். ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகாது.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதுதான் பதில். மத்தியானம், அண்ணன் பெட்டியைப் பழுது பார்த்துக் கொண்டுவந்த கையோடு மாடியேறி வந்து, ரேடியோ கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்ததை என் மேசைமேல் பிரித்துக் காட்டி, “இது என்ன தம்பி?” என்றீர்கள்.

“ரெண்டு ரெசிஸ்டர், அண்ணி. கரண்டைக் கொஞ்சம் தடுத்து…”

“அதைக் கடைக்காரரே சொல்லிட்டாரு. அவரே கழட்டியும் குடுத்துட்டாரு. உங்க அண்ணன் பெட்டிக்குள்ள இது எதுக்கு இருந்துச்சுன்னு கேக்குறேன்.”

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

“வாயால வேணாம். கரண்ட்டக் கண்டுபிடிச்ச கதையிலேருந்து ஆரம்பிப்பீங்க. எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கத்துக்கு மேல போனா படிக்க மாட்டேன். அதுவரைக்கும் அந்தப் பெட்டி பக்கம் உங்க நிழல்கூட விழக் கூடாது.”

பொடி எழுத்தில் எழுதுகிறேன். இரண்டு பக்கத்தைத் தாண்டாது.

கடைக்காரர் சொன்னதையும் சொன்னீர்கள்: “இது கம்பெனி வேலை இல்லைங்க. ஆனா கம்பெனிக்காரனே வெக்கப்படுற மாதிரி ஈயம் பத்த வச்சிருக்காங்க.” அதைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். நீங்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டீர்கள். திமிர் இல்லை. கன்னாபின்னாவென்று பற்றவைத்திருந்தால் என்மேல் சந்தேகமே வந்திருக்காது. அப்படிச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

ஒரு பெட்டியை அடுத்த முறை கேட்கும்வரை எப்படி விட்டுவைப்பது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஊசியைத் தூக்கி அதன் தாங்கியில் வைக்க வேண்டும். இசைத்தட்டை உறையில் போட வேண்டும். வால்யூமை அடிக்குக் கொண்டுவந்து, முதலில் ஆம்ப்ளிபயரை அணைத்து, அப்புறம்தான் மற்றதை அணைக்க வேண்டும். வரிசை மாறினால் ஸ்பீக்கரில் ‘டொம்’ என்று ஓர் அடி விழும். உள்ளே இருக்கும் கூம்பு காகிதத்தால் ஆனது. அந்த அடியை அது நெஞ்சில் வாங்கிக்கொள்கிறது. சூடு ஆறிய பிறகு துணி போட்டு மூட வேண்டும். ஆறுவதற்கு முன்னால் மூடினால் உள்ளே வெந்துபோகும்.

அண்ணன் எப்படி விட்டுவைப்பார் என்று உங்களுக்குத் தெரியும். பாட்டு முடிந்து ஊசி ‘டிக், டிக்’ என்று தட்டின் நடுவில் அடித்துக்கொண்டிருக்கும். அவர் சாப்பிட்டுக் கை கழுவி, செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். சூடு வெளியேறும் துளைகளின்மேல் பூனை படுத்திருக்கும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக்காரரின் காலுறைகள் எங்கே காய்ந்தன என்று யோசித்துப் பாருங்கள். ஒருநாளும் வால்யூமைக் குறைத்து அணைத்ததில்லை. மறுநாள் போட்டால் பெட்டி அலறும். “நல்லா எழுப்பிவிடுதுடா!” என்று சிரிப்பார். நான் மாடியில் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கூம்புகளை நினைத்துக்கொள்வேன்.

அப்பா அந்தப் பெட்டியை அண்ணனுக்குத்தான் கொடுத்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். “உனக்குப் பெட்டிதான்டா புடிக்கும். அவனுக்குத்தான் பாட்டு புடிக்கும்” என்றார் அப்பா. சரியான வார்த்தை. பெட்டி பிடித்தவனிடம் பெட்டியைக் கொடுப்பதுதானே முறை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் படுக்கையில் இருந்தார், நான் வாதாடவில்லை.

முதல் ரெசிஸ்டர்களைப் போன வருடம், நீங்கள் இருவரும் உங்கள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது வைத்தேன். இடது, வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு ஒன்று. ஒலி போகிற வழியை ஒரு தெரு என்று வைத்துக்கொண்டால், அதன் நடுவே ஒரு குறுகலான சந்து வைத்ததைப்போல. தெரு மூடாது, கூட்டம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான். பாதுகாப்புக்காகத்தான் வைத்தேன். மறுநாள் போட்டாலும் அலறாது. யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டு வாரம் கழித்து, சாப்பிடும்போது அண்ணன், “என்னவோ தெரியல, குமிழை முன்னவிடக் கொஞ்சம் கூட வைக்க வேண்டியிருக்கு. காது மந்தமாகுதோ?” என்றார்.

நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “நான் கூப்பிட்டா இருபது வருஷமா கேக்கல, அது காதில்ல. பாட்டு கேக்கலைன்னாதான் உங்களுக்குக் காது!”

எல்லோரும் சிரித்தோம். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “வயசாகுதுல்ல அண்ணே” என்று சொல்லிவிட்டுக் குழம்பு கேட்டேன். ஒரு ரெசிஸ்டரைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் விளக்க முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அண்ணன் மாறினார். கைவிட்டுப் போகப் போகிற பொருளை ஒரு மனிதன் எப்படித் தொடுவானோ, அப்படிப் பெட்டியைத் தொட ஆரம்பித்தார். ஊசியை அவரே தூக்கி வைத்தார். தட்டுகளைத் துடைத்து உறையில் போட்டார். பூனையை விரட்டினார். ஒருநாள் அவரே ஒரு பழைய துண்டை மடித்து, ஆம்ப்ளிபயர் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஆறியதும் மூடினார். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். இருபது வருடம் நான் சொல்லிக் கேட்காததை, ஒரு சின்னப் பயம் சொல்லிக்கொடுத்துவிட்டது.

ஆகவே இன்னும் கொஞ்சம் பெரிய ரெசிஸ்டர் வைத்தேன். மூன்று மாதம் கழித்து, அதைவிடப் பெரியது. காலை ஒன்பது மணிக்குச் சின்ன முள் நிற்கிற இடத்தில் நின்ற குமிழ், பன்னிரண்டுக்கு வந்து, கடைசியில் மூன்றுக்குப் போனது. இடமும் வலமும் இம்மி பிசகாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் அண்ணன் கண்டுபிடித்துவிடுவார். அவர் காது அவ்வளவு கூர்மை.

காது டாக்டரிடம் நீங்கள்தான் அழைத்துப் போனீர்கள். “வயசுக்குத் தகுந்த மாதிரி இருக்கு” என்றார் அவர். அது நல்ல செய்தி. அண்ணன் அதை ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டார். “பேச்செல்லாம் கேக்குதுடா. பாட்டுதான் தேயுது” என்று என்னிடம் சொன்னார். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் அவர் செய்கிற வேலையை நீங்கள் நேரில் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். ஓடுகிற பம்பின் உடம்பில் நீளமான திருப்புளியின் முனையை ஊன்றி, பிடியைக் காதில் வைப்பார். உள்ளே பேரிங் குண்டு ஒன்றில் மயிரிழை கீறல் இருந்தாலும் அது இரும்பு வழியாக ஏறி அவர் காதுக்கு வந்துவிடும். “மூணாம் நம்பருக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஊரில் குழாய் திறந்தால் தண்ணீர் வருவதற்கு அந்தக் காதும் ஒரு காரணம்.

இந்த வருடம் பம்புகள் எல்லாம் நன்றாக ஓடின. புது எண்ணெய் மாற்றியிருந்தார்கள். திருப்புளியைக் காதில் வைத்தார்; கீறல் சத்தம் எதுவும் இல்லை. பம்பு நன்றாக இருக்கிறது என்று அவர் நினைக்கவில்லை. தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தார். பம்புகள் எவ்வளவு நன்றாக ஓடினவோ, அவ்வளவு அவர் உடைந்துபோனார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் ரசிக்கத்தக்க ஏற்பாடுதான்.

போன மாதம் மாடிக்கு வந்தார். “காது போனவன் அங்க நின்னா ஒருநாள் பம்பு வெடிச்சு யாராவது சாவான்டா. நான் விலகிக்கிறேன். உன் கையெழுத்து நல்லா இருக்கும், லெட்டரை நீயே எழுது” என்றார். எழுதிக் கொடுத்தேன். ‘செவித்திறன் படிப்படியாகக் குறைந்து வருவதால்’ என்ற தொடர் என்னுடையது. படித்துவிட்டு அவர் அந்தத் தொடரின்மேல் விரலை வைத்தார். அப்புறம், “படிப்படியான்னு போட்ட பாரு, கரெக்ட்டுடா” என்றார். கீழே இறங்கும்போது, “அந்தப் பெட்டியையும் நீ மேல கொண்டு வந்து வச்சுக்க. செவிடனுக்கு எதுக்கு?” என்றார். அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன். நான் பேராசைக்காரன் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆக, அண்ணி, அண்ணனின் காதுக்கு ஒன்றும் இல்லை. இருந்ததும் இல்லை. ரெசிஸ்டர் வைத்தது நான், மூன்று முறை. மேலாளர் அந்த விலகல் கடிதத்தில் திங்கட்கிழமைதான் கையெழுத்துப் போடுவாராம். அதற்குள் திரும்பப் பெறலாம். அதற்கான கடிதத்தையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இதையெல்லாம் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அவரைப் பதறவிடாமல் சொல்ல உங்களுக்குத்தான் தெரியும்.

பொட்டலத்தைக் கண்டதும் நானே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லாமலே சமாளித்திருப்பேன். பழைய ஆம்ப்ளிபயரில் என்னென்னவோ இருக்கும் என்றால் நீங்கள் நம்பியிருப்பீர்கள். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அண்ணன் தன் காதை நம்பாமல், குமிழின் ஓரத்தில், மூன்று மணி நிற்கும் இடத்தில், ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டி வைத்திருக்கிறார். உட்கார்ந்ததும் குமிழை அந்தத் துண்டுக்கு நேராகத் திருப்பிவிட்டுத்தான் ஊசியை இறக்குவார். எல்லாம் கற்றுக்கொண்டார், எடுத்த எடுப்பிலேயே வால்யூமை ஏற்றும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. இப்போது உள்ளே ரெசிஸ்டர் இல்லை. பழைய சத்தத்தைப்போலப் பல மடங்கு, ஒரே அடியில் வரும். எனக்கோ பெட்டி பக்கம் போக அனுமதி இல்லை.

மணி ஆறு ஆகப்போகிறது. வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிறது. தயவுசெய்து உடனே போய் அந்த வெள்ளைத் துண்டைப் பிய்த்துவிடுங்கள். அந்தக் கூம்புகள் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை, அண்ணி. அண்ணனின் காதுக்கும் நல்லதில்லை.