கதவில் ஒட்டிய கலினா

“படிச்ச கழுதைகளா, எவடி இதை ஒட்டினது?” ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் கீழ்வீட்டு கென்கா அக்கா படிக்கட்டில் நின்று கத்தினார்.

“வார்த்தையை அளந்து பேசுங்கக்கா, எல்லாத்தையும் எங்க தலையிலேயே கட்டாதீங்க” என்று நானும் கத்தினேன். எனக்குக் குரல் நன்றாகவே ஏறும்.

எங்கள் ஊரான ப்ளோவ்திவில் கட்டடக் கதவைப் படிக்காமல் யாரும் உள்ளே நுழைவதில்லை. செத்தவர் படம் போட்ட தாள் அங்கேதான் ஒட்டப்படும். வம்பு ருசிக்கிற எனக்கு அது காலைக் காப்பி மாதிரி.

கலினா என் எதிர்வீடு, பல் மருத்துவர். ஒன்பது வருடமாக அவள் எங்கே போகிறாள், என்ன தின்கிறாள், தனக்கு நிச்சயமான பிளாமெனோடு எதற்குச் சண்டை, எல்லாம் ஃபேஸ்புக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டவள் நான். ஒரு திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் கணக்கை மூடிவிட்டாள்.

“எவ கண்ணும் மேல படாம நிம்மதியா இருக்குடி” என்றாள், என்னிடமே.

வடிவமைப்பு என் தொழில். நண்பர் குழுவில் விளையாட்டாக ஒரு சாவுத்தாள் செய்து போட்டேன்: கறுப்புக் கட்டம், அவள் சிரிக்கும் படம், ‘2014–2023, சீக்கிரமே எங்களைப் பிரிந்தாள்’. அவள் பக்கத்தின் ஆயுசு அது. “அடிப்பாவி, நிஜம் மாதிரியே இருக்கே” என்று பிளாமென் எழுதினான். பதினெட்டு பேர் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை கலினாவின் அம்மா டோன்கா அத்தை சந்தையிலிருந்து வந்து கதவைப் படித்தார். மகள் சோபியாவில் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தாள், போன் அணைந்திருந்தது. முன்பென்றால் அவள் பக்கத்தைத் திறந்து, இதோ உயிரோடு இருக்கிறாளே என்று காட்டியிருக்கலாம். அத்தை சரிந்து விழ, பையிலிருந்த சிவப்பு மிளகாய்கள் வாசல்படிகளில் உருண்டு தெரு வரை போயின. அவருக்குப் பலவீனமான இதயம் என்பது கட்டடத்துக்கே தெரியும். எனக்கும்தான்.

ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அத்தை போய்விட்டார். அவருக்கான தாளையும் நான்தான் செய்தேன். “நீதான்டி அழகா செய்வே” என்று கலினா அழுதுகொண்டே கேட்டாள். முடியாது என்று எப்படிச் சொல்வது?

குழுவில் எவரோ அச்சடித்துவிட்டதாகவே இன்றும் பேச்சு. ஒன்றை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை. குழுவில் போட்டதில் 2014. கதவில் இருந்ததில் 1996, கலினா பிறந்த வருடம். ஒன்பது வயதுப் பல் மருத்துவரை யார் நம்புவார்கள் என்று நான்தான் திருத்தினேன். ஒட்டியதும் நான்தான். கலினா வந்து பார்த்துக் கொஞ்சம் பதறட்டும் என்றுதான் நினைத்தேன். அந்தக் கதவை இப்போதெல்லாம் நான் தலை குனிந்தே கடக்கிறேன்.

கலினா நிச்சயத்தை முறித்துக்கொண்டு இத்தாலிக்குப் போய்விட்டாள். மறு வருடம் பிளாமென் என்னை மணந்தான். கல்யாணப் படத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் போட்டார்கள். கலினா போடவில்லை. கோபமெல்லாம் இருக்காது, பாவம், அவளுக்குத்தான் கணக்கே இல்லையே.